இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது

நண்பர்களே, வண்டி 2009 மாடல் பெட்ரோல் கார், ஓடுவது தூத்துக்குடியில். பகலில் இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் ஒழுங்காக அடிக்கிறது. ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டதும்தான் வினை. இடது இண்டிகேட்டர் படபடவென்று அடிக்க, பின்னால் இடது டெயில் லைட் மங்கலாகி அதே தாளத்தில் துடிக்கிறது. கூடவே பிரேக்கை மிதித்தால் பின் இண்டிகேட்டர் எரிவதே இல்லை.

பல்புகளை இடம் வலமாக மாற்றிப் பார்த்தாயிற்று, கோளாறு இடப்பக்கத்தை விட்டு நகரவில்லை. எலெக்ட்ரீஷியன், இரண்டு பக்க இண்டிகேட்டரையும் விட்டுவிட்டு எரிய வைக்கும் ஃபிளாஷர் ரிலேயை மாற்றச் சொல்கிறார். ரிலே போயிருந்தால் வலப்பக்கமும் அல்லவா படுத்திருக்க வேண்டும்?

எனக்கு எர்த் மேல்தான், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பின் மேல்தான் சந்தேகம். எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, பல்பு ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் மல்டிமீட்டர் வைத்தால் 4 வோல்ட் காட்டுகிறது. அரை வோல்ட்கூட வரக்கூடாத இடம் அது. டிக்கியின் பக்கவாட்டு அட்டையைக் கழற்றினால், கறுப்பு எர்த் ஒயரின் வளையம் உட்காரும் போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் துருவுமாகப் பூத்திருக்கிறது. உப்புக்காற்று ஊர் வேறு, கேட்கவா வேண்டும்!

துருவை உப்புத்தாளால் தேய்த்து, வாசலைன் தடவி அதே இடத்தில் முடுக்கினால் தாங்குமா? இல்லை, நல்ல இடமாகப் பார்த்துப் புது எர்த் இழுப்பதா? ஹோல்டருக்குள் தகடும் கறுத்திருக்கிறது. ஹோல்டர் மட்டும் தனியாகக் கிடைக்குமா, லைட் செட்டோடுதான் வாங்க வேண்டுமா? அப்புறம், தூத்துக்குடி, நெல்லை பக்கம் பொறுமையாக ஒயரிங் பார்க்கும் ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.