அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே, மாத்திரை எதற்கு?

குழு: தோட்டத்துச் சொந்தங்கள், சுங்கை சிப்புட்

சித்தப்பா (காலை 6:48): அனைவருக்கும் வணக்கம். பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் காடி ஆகியவற்றைக் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் இதயக் குழாய் அடைப்பு முழுவதும் கரைந்துவிடும் என்று ஒரு செய்தி வந்துள்ளது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்திருக்கும் அண்ணனுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா (காலை 6:55): நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், தம்பி. மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி அடைப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது மலைக்கோயில் படி ஏறினாலும் நெஞ்சில் இறுக்கம் இல்லை. அப்படியிருக்க, ஒரு பை நிறைய மாத்திரை எதற்கு? கொழுப்பு மாத்திரை தொடங்கியதிலிருந்து கெண்டைக்கால் வேறு வலிக்கிறது.

தேவி (காலை 7:10): பெரியப்பா, தயவுசெய்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடைப்பை யாரும் வெளியே எடுக்கவில்லை. பலூனை விரித்துக் கொழுப்புப் படிவைக் குழாயின் சுவரோடு அழுத்தி, அந்த இடம் மீண்டும் சுருங்காதபடி ஸ்டென்ட் என்னும் உலோக வலையை நிறுத்தியிருக்கிறார்கள். படிவு இன்னும் அங்கேயே இருக்கிறது, மற்ற இடங்களிலும் இருக்கிறது.

சித்தப்பா (காலை 7:14): தண்ணீர்க் குழாயில் பாசி பிடிப்பதைப் போலத்தானே, தேவி? கழுவிவிட்டால் போய்விடாதா?

தேவி (காலை 7:31): அந்த ஒப்பீடுதான் எல்லாரையும் குழப்புகிறது, சித்தப்பா. கொழுப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டுவதில்லை, சுவருக்கு உள்ளேயே புகுந்துவிடுகிறது. புகை, சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றால் உள்ளுறை கெட்டிருக்கும் இடத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்புத் துகள்கள் நுழைகின்றன, அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிரம்பி அங்கேயே மடிய, அதன் மேல் ஒரு மெல்லிய நார்மூடி படர்கிறது. இது பல ஆண்டுகள் சத்தமில்லாமல் நடக்கும் வேலை. குழாய் பெரிதும் குறுகிய பிறகுதான், அதுவும் படி ஏறும்போது, நெஞ்சு இறுகும். ஆனால் மாரடைப்பு பெரும்பாலும் அந்த மூடி கிழிந்து, அதன் மேல் இரத்தம் உறைவதால் வருகிறது. பாதி கூட அடைக்காத சிறிய படிவும் அப்படிக் கிழியலாம். வயிற்றுக்குள் போகும் பூண்டுச் சாறு அந்தச் சுவருக்குள் இருப்பதைக் கரைக்காது. தவிர, பூண்டை அளவுக்கு மீறி எடுத்தால், இரத்தம் உறையாதிருக்க அவர் உண்ணும் மருந்துகளோடு சேர்ந்து இரத்தக்கசிவு கூடலாம்.

பெரியப்பா (காலை 7:40): சரி, அம்மா. அப்படியானால் ஒவ்வொரு மாத்திரையும் என்ன செய்கிறது என்று சொல்.

தேவி (காலை 7:58): ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் புதிய ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமல் காக்கின்றன. மருத்துவர் குறித்த காலத்துக்கு முன் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைபடலாம், அது உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் கொழுப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாடின் எல்.டி.எல்.லைக் குறைப்பதோடு அந்த நார்மூடியையும் உறுதியாக்குகிறது. இரத்தத்தில் எல்.டி.எல். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு இலக்கு 1.4க்குக் கீழே; போன பரிசோதனை அட்டையில் 3.1 என்று இருந்ததை நான் பார்த்தேன். கால்வலியை அடுத்த சந்திப்பில் மறக்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறைக்கவோ, வேறு மாத்திரைக்கு மாற்றவோ அவர்களால் முடியும்.

பெரியம்மா (காலை 8:05): தேவி, சமையலில் எதை நிறுத்த வேண்டும்? தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் இவர் சோற்றைத் தொடுவதில்லை.

தேவி (காலை 8:19): அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, பெரியம்மா. தேங்காய்ப்பால் கறியை விசேஷ நாளுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் மீன் புளிக்குழம்பு, பருப்பு, கீரை என்று வையுங்கள். பசியாற ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் தினமும் வேண்டாம், ஏனென்றால் அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. செம்பனை நமக்குச் சோறு போட்ட மரம்தான்; ஆனாலும் அதன் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால், பொரிப்பதைக் குறைத்தாக வேண்டும். சித்தப்பா, நீங்களும் அண்ணனோடு மாலையில் திடல் வரை நடங்கள், சிகரெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு. புகையை விட்டு ஓராண்டு ஆனால் கூடுதலாக இருந்த இதய ஆபத்து பாதியாகிறது.

சித்தப்பா (காலை 8:24): என் தலையிலும் கைவைத்துவிட்டாய்! சரி, அந்தச் செய்தியை அழித்துவிடுகிறேன். நெஞ்சுவலி திரும்ப வந்தால் நான் மோட்டாரில் அவரைக் கிளினிக்கிற்கு ஏற்றிச் செல்லலாமா?

தேவி (காலை 8:41): வேண்டவே வேண்டாம். அவரை உடனே உட்கார வைத்து, நெஞ்சுவலிக்கென்று கொடுத்திருக்கும் அந்தச் சிறிய நைட்ரேட் மாத்திரை ஒன்றை நாக்கின் அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தீராவிட்டால் 999ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம் என்பதால், அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த மாத்திரை பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்கட்டும், பெரியம்மா அதை மாத்திரைப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டாம். திறந்த தேதியை மேலே எழுதி, எட்டு வாரம் ஆனதும் புதியது வாங்குங்கள்.

பெரியம்மா (காலை 8:47): முந்தாநாள்தான் பெட்டிக்கு மாற்றினேன், அது வீணாகப் போகட்டும், இன்றே புதிய புட்டி வாங்கிவிடுகிறேன். நம் லயத்து வீடுகளுக்கு வரும் செம்மண் சாலையில் பெயர்ப்பலகை இல்லையே, ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

சித்தப்பா (காலை 8:50): மாரியம்மன் கோயில் வளைவில் என் மகனை டார்ச்சுடன் நிறுத்துகிறேன், அண்ணி. 999இல் பேசும்போது கோயிலின் பெயரைச் சொல்லுங்கள்.