9 மாத இடுப்பு வலி, எல்லா ரிப்போர்ட்டும் 'நார்மல்', நிபுணரைப் பார்க்க இன்னும் 4 மாதம்: அதுவரை என்ன செய்வது?

அந்திமழை (கேள்வி):

வணக்கம். வயது 32. பின்னிடுப்பில் வலி தொடங்கி 9 மாதம் ஆகிறது. அடிபடவில்லை, கனம் தூக்கவில்லை, மெல்ல மெல்ல வந்தது. எக்ஸ்ரே நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். தசைப்பிடிப்பு, உட்காரும் முறை சரியில்லை, டென்ஷன் என்று டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்லியாகிவிட்டது. எலும்பு மருத்துவரைப் பார்க்க 4 மாதம் கழித்துத்தான் தேதி. இடுப்பு எம்ஆர்ஐக்கு எழுதியிருக்கிறார்கள், அதற்கு வேறு வரிசை.

காலையில் சாக்ஸ் போடக் குனிய முடிவதில்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் மாடிப்படி ஏற முடிகிறது. அதனாலேயே யாரும் நம்புவதில்லை, 'இப்போ நல்லாத்தானே நடக்கிறே' என்கிறார்கள்.

தேதியை முன்னால் கொண்டுவர வழி உண்டா? டாக்டர் ஒதுக்கும் பத்து நிமிடத்தில் எதைச் சொல்ல வேண்டும்? அதுவரை வலி மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

சுவடுகள்:

உங்கள் பதிவிலேயே முக்கியமான தகவல் அந்த சாக்ஸ் வரிதான். அதை எந்த டாக்டரிடமாவது அப்படியே சொன்னீர்களா?

தேய்மானத்தாலோ தசையாலோ வரும் இடுப்பு வலி பொதுவாக வேலை செய்யச் செய்யக் கூடும், படுத்தால் குறையும். அழற்சியால், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி மூட்டுகளில் ஏற்படுத்தும் வீக்கத்தால், வரும் வலி நேர் எதிர். அதற்கு ஐந்து அடையாளங்கள்: 40 வயதுக்கு முன் தொடங்கியது, மெதுவாக வந்தது, உடலை அசைத்தால் குறைவது, ஓய்வெடுத்தாலும் குறையாதது, இரவில் வலித்து எழுந்து நடந்தால் தணிவது. ஐந்தில் நான்கு பொருந்தினால் அழற்சி வலி என்று சந்தேகிக்க வேண்டும். காலை விறைப்பு 30 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். முதல் இரண்டும் உங்களுக்குப் பொருந்துகின்றன, மூன்றாவதும் அப்படித்தான் தெரிகிறது. விடியற்காலை 3, 4 மணிக்கு வலியால் விழிப்பு வருகிறதா என்று கவனியுங்கள்.

இப்படி வரும் முதுகெலும்பு அழற்சி நோய்க்கு ஆக்சியல் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைடிஸ் என்று பெயர். முதல் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 6, 7 ஆண்டுகள் ஆகின்றன. காரணம் காத்திருப்பு மட்டுமல்ல. எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பில் ஏற்கெனவே விழுந்த சேதம், அது தெரிய ஆண்டுகள் பிடிக்கும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் இந்த நோய் உள்ள பலருக்கு நார்மலாகவே இருக்கும். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடும் எச்எல்ஏ-பி27 பரிசோதனை பாசிட்டிவ் என்பதால் மட்டும் நோய் உறுதியாகாது, நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது.

நீங்கள் காத்திருக்கும் வரிசையே தவறாக இருக்கலாம் என்பதுதான் என் பெரிய கவலை. இதைப் பார்க்க வேண்டியவர் மூட்டுவாத நிபுணர், அதாவது ருமட்டாலஜிஸ்ட். எம்ஆர்ஐயிலும் இதே சிக்கல். வழக்கமான லம்பார் ஸ்கேன் இடுப்பு முள்ளெலும்புகளைத்தான் முழுமையாகக் காட்டும். அழற்சி முதலில் தெரிவது பெரும்பாலும் அதற்குக் கீழே, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில், அதுவும் கொழுப்பை மறைத்து எடுக்கும் 'ஸ்டிர்' முறைப் படங்களில். லம்பார் மட்டும் எடுத்தால் ஒரு டிஸ்க் புடைப்பு (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை பிதுங்குவது) தெரியலாம், 'இதுதான் காரணம்' என்று கோப்பை மூடிவிடுவார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. புடைப்பு இருப்பது வேறு, அதனால்தான் வலி என்பது வேறு.

மணிக்கூண்டு:

தேதி விஷயத்துக்கு வருகிறேன். பரிந்துரைக் கடிதம் வைத்துத் தேதி தரும் இடங்களில் வரிசையைத் தீர்மானிப்பது உங்கள் வலியின் அளவு அல்ல, அந்தக் கடிதத்தின் வாசகம். 'நாள்பட்ட இடுப்பு வலி, பார்த்து ஆவன செய்யவும்' என்று ஒற்றை வரியில் போனால் அது அடியில்தான் கிடக்கும். அனுப்பிய டாக்டரிடமே திரும்பிப் போய்ப் புதிய கடிதம் கேளுங்கள். கையோடு இப்படி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்:

"வயது 32. பின்னிடுப்பு வலி, 9 மாதம், அடிபடாமல் படிப்படியாக வந்தது. காலை விறைப்பு இத்தனை நிமிடம். வாரத்தில் இத்தனை இரவு, இத்தனை மணிக்கு வலியால் விழிப்பு. நடந்தால் குறைகிறது, படுத்தால் குறைவதில்லை. இன்ன மாத்திரை, இன்ன அளவில், இத்தனை நாள் எடுத்ததில் இவ்வளவு குறைந்தது. வலியால் இன்ன வேலை செய்ய முடிவதில்லை."

இதோடு சேர்க்க வேண்டியவை, இருந்தால் மட்டும்: கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனது, சோரியாசிஸ் என்ற தோல் நோய், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு அல்லது மலத்தில் ரத்தம், குதிகால் வலி, ரத்த உறவில் யாருக்காவது இந்த நோய். இடுப்பு வலிக்குப் போகிறவர் கண்ணைப் பற்றிப் பேசவே மாட்டார், அதனால் டாக்டருக்கும் தெரியாமலே போகிறது.

எண்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். 14 நாள் குறித்து வையுங்கள்: விழித்த நேரம், சிரமமில்லாமல் குனிய முடிந்த நேரம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் விறைப்பு. 'வலி 10க்கு 8' என்பதைவிட 'தினமும் 70 நிமிடம் குனிய முடியவில்லை' என்பதற்கு மதிப்பு அதிகம். தடிமனான ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பத்து நிமிடமும் தாள் புரட்டுவதிலேயே போய்விடும். ஒரு பக்கம் போதும், ரிப்போர்ட்டுகள் பின்னால் இருக்கட்டும்.

கடைசி நேரத்தில் யாராவது வராமல்போனால் கூப்பிடச் சொல்லி, வரவேற்பு மேசையில் பெயர் கொடுத்து வையுங்கள். எவ்வளவு குறுகிய அவகாசத்தில் உங்களால் வர முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மருந்துப்பெட்டி:

வலி மாத்திரையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, தாங்க முடியாத அன்று மட்டும் ஒன்று போடுவது. ஐபுபுரோஃபென், நாப்ராக்சென் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரை பயன் தருகிறதா என்று தெரிய, டாக்டர் சொல்லும் அளவில் தினமும் 2 முதல் 4 வாரம் எடுக்க வேண்டும். முழு அளவில் எடுத்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வலி வெகுவாக இறங்கினால் அதுவே அழற்சிக்கு ஒரு துப்பு. அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, வெவ்வேறு பெயரில் ஒரே வகை மாத்திரை. டைக்ளோஃபெனாக்கும் அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் பலன் கூடாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும், முன்பு வயிற்றுப் புண் இருந்தவர்களும், கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே கூடாது. பாராசிட்டமால் வேறு வகை, ஆனால் சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் பாதித்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

மூன்றாவது, நோய் இன்னதென்று தெரியுமுன் ஸ்டீராய்டு. நாலு நாள் சொர்க்கமாக இருக்கும். ஆனால் அழற்சி தற்காலிகமாக அடங்கி, பரிசோதனையில் தெரிய வேண்டியது தெரியாமல் போகலாம்.

எரிச்சல், ஷாக் அடிப்பது, மரத்துப்போவது என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கான மாத்திரைகள் வேறு. சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத் தூக்கக் கலக்கத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். அவற்றில் ஒன்றான பிரிகாபலினைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

அந்திமழை:

மிக்க நன்றி. எழுதியிருப்பது லம்பார் எம்ஆர்ஐதான். மாற்றி எழுதச் சொன்னால் டாக்டர் தப்பாக நினைக்க மாட்டாரா? எது வந்தால் 4 மாதம் காத்திருக்கவே கூடாது?

சுவடுகள்:

'மாற்றுங்கள்' என்று சொல்ல வேண்டாம், கேள்வியாகக் கேளுங்கள்: "டாக்டர், காலையில் ஒரு மணி நேரம் விறைப்பு இருக்கிறது, நடந்தால் குறைகிறது. இது அழற்சி வலியாக இருக்குமா? அப்படியானால் சாக்ரோஇலியாக் மூட்டையும் சேர்த்து எடுக்கலாமா?" காரணத்தோடு கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் காது கொடுப்பார்கள். மறுத்தால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டருக்கு அது பயன்படும். அதுவரை உடலை அசைப்பதை விட்டுவிடாதீர்கள். முழு ஓய்வு இந்த வலியைக் கூட்டத்தான் செய்யும்.

காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவர்.

சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் தெரியாமல் வெளியேறுவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக அவசரப் பிரிவு, நடு இரவானாலும் சரி. அங்கே 'இடுப்பு வலி' என்று ஆரம்பிக்காதீர்கள். மரத்துப்போன இடத்தையும், கடைசியாகச் சிறுநீர் கழித்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் முதலில் சொல்லுங்கள்.