வவுச்சர் என்றதும் வீடு 'போய்விடும்'

(எடிசன் பக்கம், நியூ ஜெர்சி)

செக்‌ஷன் 8 வவுச்சரோடு (வருமானம் குறைந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் வாடகை உதவி) வீடு தேடினால் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள், அவ்வளவுதான்.

அக்காவுக்காகப் போனில் பேசியது நான். கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள், இந்நாட்டுக் குடியுரிமை உண்டு. வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வவுச்சர். அவள் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அவள் கட்டினால் போதும். மீதியை வீட்டுவசதி அலுவலகமே ஓனருக்கு நேராக அனுப்பிவிடும். வவுச்சர் கையில் வந்ததும் வீடு பிடிப்பதற்கான கெடு ஓட ஆரம்பித்துவிடும். முதலில் 60 நாள், அப்புறம் நீட்டிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

ஒரு தமிழ் ஓனர் கிடைத்தார். எந்த ஊர், எந்தக் காலேஜ், கோயிலுக்கு எங்கே போவீர்கள் என்று ஒரே பாசம். சனிக்கிழமை வாங்க, காரைப் பின்பக்கம் நிறுத்துங்க என்றுகூடச் சொல்லிவிட்டார். வவுச்சர் என்றேன். "அது வந்தும்மா... வீட்டுல பெயின்ட் வேலை இருக்கு, ரெண்டு மாசம் ஆகும்." அன்றிரவே அதே வீடு வாட்ஸ்அப் குரூப்பில், 'உடனே குடிவரலாம்' என்ற வரியோடு!

ஒரு பெரிய அபார்ட்மென்ட் ஆபீசில் வேறு மாதிரி. முழு வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் காட்டச் சொன்னார்கள். அவ்வளவு சம்பளம் இருந்தால் வவுச்சர் எதற்கு? வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2002-லேயே இங்குள்ள பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த மூன்று மடங்குக் கணக்கையும் குடிவருபவர் கட்டும் பங்குக்கு மட்டும்தான் போடலாம். இதை ஈமெயிலில் எழுதிக் கேட்டேன். மறுநாளே விண்ணப்பப் படிவம் வந்தது. போனில் பேசாதீர்கள், எழுதிக் கேளுங்கள். மறுத்தால் 180 நாளுக்குள் மாநில சிவில் உரிமைப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

(ஃபோர்ட் வொர்த், டெக்சாஸ்)

உங்களுக்குச் சட்டமாவது இருக்கிறது, சகோதரி. இங்கே 2014-ல் ஆஸ்டின் நகரம் இப்படி மறுப்பதற்குத் தடை கொண்டுவந்தது. 2015-ல் மாநில அரசு அந்த மாதிரி நகரத் தடைகளே செல்லாதபடி சட்டம் போட்டுவிட்டது. அதனால் விளம்பரத்திலேயே 'செக்‌ஷன் 8 வேண்டாம்' என்று எழுதுகிறார்கள், கூச்சமே கிடையாது. அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் எங்கள் ஊரில் வவுச்சரை மறுத்த ஓனர்கள் 78 சதவீதம், மறுக்கத் தடை இருக்கும் வாஷிங்டன் டி.சி.யில் 15. 1968-ன் மத்தியச் சட்டம் இனம், மதம் போன்றவற்றைப் பார்த்து மறுப்பதைத்தான் தடுக்கிறது. வவுச்சர் அதில் இல்லை.

நான் கேட்ட ஒரு மேனேஜர், "அந்த மாதிரி ஆட்கள் வந்தா மத்தவங்க காலி பண்ணிடுவாங்க" என்றார். எந்த மாதிரி ஆட்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

(சிகாகோ புறநகர்)

நான் ஓனர். திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். இல்லினாயில் 2023 ஜனவரி முதல் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுவசதி அலுவலகத்தின் இன்ஸ்பெக்‌ஷன் தேறும்வரை அரசுப் பங்கு வராது. ஒரு ஜன்னல் தாழ்ப்பாளுக்காக என் வீட்டைத் தேறவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள், மறுபடி வரும்வரை வீடு சும்மா கிடந்தது. அதற்கப்புறம் வாடகை ஒரு மாசம்கூடத் தவறியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் ஸ்மோக் அலாரம், தாழ்ப்பாள், படிக்கட்டுக் கைப்பிடி, உரிந்த பெயின்ட் எல்லாவற்றையும் நீங்களே ஒரு சுற்று பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.