இரண்டாம் ஆண்டிலேயே ஆசிரியர் வேலையை விட்டுவிடலாமா?

கணக்கு டீச்சர்:
இரண்டு வருட பி.எட். முடித்துத் திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 11,000 ரூபாய். பஸ்ஸுக்கே 1,800 போய்விடுகிறது. வாரத்துக்கு 36 பீரியட். பிள்ளைகளால் தொல்லையில்லை. பின்னம் புரியாமல் முழித்த ஏழாம் வகுப்புப் பையனுக்கு முறுக்கை உடைத்துக் காட்டினேன். கால் பங்கை வாயில் போட்டுக்கொண்டு, "மீதி முக்கால் டீச்சர்" என்றான். ஆனால் மே மாத வெயிலில் சேர்க்கை நோட்டீஸோடு வீடு வீடாக அனுப்புகிறார்கள். ஒரு வீட்டில், "சீட்டுப் பிடிக்க வந்தீர்களா?" என்று கேட்டார்கள். என்னோடு சேர்ந்த ஐவரில் மூவர் போய்விட்டார்கள். நானும் போகட்டுமா?

பழைய தலைமையாசிரியர்:
அசல் சான்றிதழ்கள் யார் கையில் இருக்கின்றன, அம்மா? பள்ளியிடம் என்றால் முதலில் அவற்றை வாங்குங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

முன்னாள் அறிவியல் ஆசிரியன்:
மூன்றாம் வருடம் விட்டேன். இப்போது மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் பெரிதாகக் கூடவில்லை, ஞாயிற்றுக்கிழமை என்னுடையதாகிவிட்டது.

தேனி அக்கா:
அரசு வேலையை நம்பி விட்டுவிடாதே, தங்கச்சி. 2018 அரசாணைக்குப் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறினாலும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். நான் தேறிவிட்டு இன்னும் காத்திருக்கிறேன்.

கணக்கு டீச்சர்:
ஐயா, சான்றிதழ்கள் அவர்களிடம்தான். நாளை கேட்கிறேன். முழு ஆண்டுத் தேர்வு வரை இருப்பேன்; அந்தப் பையனுக்கு இன்னும் தசமம் நடத்தவில்லை.