கலைச்சொல் உதவி: மூத்த கொடி, வெள்ளை ஒயின் (திங்கட்கிழமை அச்சு)

அன்பர்களுக்கு வணக்கம்,

வியாசர்பாடியில் ஓட்டல் வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுக்கிறேன். குறிப்பேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. செயற்கை உரம், பூச்சிக்கொல்லி படாமல் வளர்ந்த வயதான திராட்சைக் கொடிகள்; அவற்றின் பழத்தில் செய்த வெள்ளை ஒயின். இதற்கு ஒரு சொல் வேண்டும். பிரெஞ்சு பாட்டில்களில் 'வியேய் வீஞ்' என்றிருக்கும். அந்நாட்டுச் சட்டத்தில் அதற்கு வயது வரம்பு இல்லை. பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்புதான் 2024இல் 35 வயது என்று வரையறுத்தது. நான் 'பழங்கொடித் தேறல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். நிற்குமா?

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து

———

அம்மா, நன்றாகவே நிற்கும். புறநானூறு 56இல் நக்கீரர் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்கிறார். கடல் கடந்து வந்த மதுவைத் தமிழில் சொன்னவர்கள் நாம். துறைமுகத்தை ஒட்டிக் குடியிருந்துகொண்டு இன்று 'ஒயின்' என்பானேன்? தேறு என்றால் தெளி; வண்டல் அடியில் தங்க, மேலே நிற்பது தேறல். வெள்ளைக்கு 'வெண்' சேர்த்தால் வெண்டேறல். பழமை + கொடி, ஈறு போய் இனம் மிகுந்து பழங்கொடி. பழங்கஞ்சி எப்படியோ அப்படி.

தண்டையார்பேட்டை

———

ஐயா, பழம் + கொடி என்றாலும் பழங்கொடி ஆகலாமே? மவ்வீற்றுக்கு நன்னூல் 'வன்மைக்கு இனமாத் திரிபவும் ஆகும்' என்கிறது.

தேறலிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்த வகை ஒயின்களில் பலவற்றை வடிகட்டாமலே அடைக்கிறார்கள், கலங்கலாகத்தான் இருக்கும். கலங்கலுக்குத் தெளிவு என்று பெயரா? எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் ஜாடியில் கறுப்பு திராட்சையும் சர்க்கரையும் ஊறப்போட்டு, துணி கட்டி, தினம் மரக்கரண்டியால் கிளறுவார்கள். அவர்கள் சொல்வது ஒயின். கோயிலில் திராட்சை இரசம். வெண்டேறல் என்றால் வெண்டைக்காய்தான் நினைவுக்கு வரும்.

பெரம்பூர்

———

இடையில் ஒன்று. வயது மட்டும் போதாது. 1860களில் பிரான்சில் தலைகாட்டிய வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பின், அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டித்தான் பெரும்பாலும் நடுகிறார்கள். ஒட்டில்லாமல் சொந்த வேரில் நிற்பதைத் 'தன்வேர்க் கொடி' என்று தனியே குறிக்க வேண்டும். 'இயற்கை'யிலும் குழப்பம் உண்டு: நம்மாழ்வார் சொன்னது இயற்கை வேளாண்மை; 2023இல் அரசு வெளியிட்டது அங்கக வேளாண்மைக் கொள்கை. எதை எடுப்பது?

கொருக்குப்பேட்டை

———

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன். பழங்கொடியை இரண்டு பேர் 'பழக் கொடி' என்றே புரிந்துகொண்டார்கள். ஒருவன் கட்சிக் கொடியா என்று கேட்டான். அப்புறம் படத்தைக் காட்டினேன்: பந்தல் இல்லை, தொடைப் பருமனில் முறுக்கிய அடித்தண்டு, தலையில் நாலு தளிர். 'இது மரம், மிஸ்' என்றார்கள். கம்பம் பக்கத்துத் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? வயது ஏற ஏறக் காய்ப்பு குறையும், கொத்து சிறுக்கும் என்று விளக்கி, 'மூத்த கொடி' என்றேன். ஒரு பெண் உடனே, 'எங்க ஆயா மாதிரி' என்றாள். மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை.

கறுப்பு திராட்சையின் சாறும் பெரும்பாலும் நிறமற்றதுதான், நிறம் தோலில் இருக்கிறது, தோலை நீக்கிச் சாற்றை நொதிக்க விட்டால் வெள்ளை ஒயின் என்பதும் புரிந்தது. அதனால் 'இயற்கை வேளாண்மையில் விளைந்த மூத்த கொடி வெள்ளை ஒயின்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். நீளம்தான். பரிமாறும் பிள்ளை தடுமாறாமல் சொல்லிவிடும்.

ராயபுரம்

———

பெரம்பூரும் கொருக்குப்பேட்டையும் சரி என்றுவிட்டதால் நான் தடுக்கவில்லை. அடைப்புக்குறிக்குள்ளாவது தேறலைப் போடுங்கள், அம்மா. பெரம்பூர் நண்பருக்கு: அதே சூத்திரத்தில் 'ஒற்றழிந்து' முதலில் வருகிறது. பழச்சாறு, பழக்கடை, பழக்கொடி. பழங்கொடி பழைய கொடிதான்.

தண்டையார்பேட்டை