செகண்ட் ஹேண்ட் குட்டியானையா, தோஸ்தா? பிளைவுட் ஏற்றும் வேலைக்கு எது சரி?

திண்டுக்கல் தச்சன்:

எல்லோருக்கும் வணக்கம். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலை செய்கிறேன். திண்டுக்கல்லில் சின்னப் பட்டறை. என்னோடு இரண்டு பையன்கள். இதுவரை சொந்த வண்டி கிடையாது. பிளைவுட் கடையிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து சைட்டுக்கு, எல்லாமே வாடகைக் குட்டியானைதான்.

போன மாதம் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 14 நடை, 16,300 ரூபாய். அதில் நான்கு நடை கொடைக்கானல். பணம் போவதைவிட நேரம் போவதுதான் தாங்க முடியவில்லை. எட்டு மணிக்கு வரச் சொன்னால் பத்தரைக்கு வருகிறார்கள். பையன்கள் சம்பளம் அதுவரை சும்மா ஓடுகிறது. சைட்டில் வீட்டுக்காரர் போன் மேல் போன். போன வாரம் மழையில் தார்ப்பாய் இல்லாமல் கொண்டுவந்து, ஒட்டி முடித்த ஷட்டர், அலமாரிக் கதவுகள் நான்கு ஊறிப்போய்விட்டன. இனி சொந்த வண்டி இல்லாமல் சரிப்படாது என்று முடிவு செய்துவிட்டேன்.

பட்ஜெட் மூன்று லட்சம், நெருக்கினால் மூன்றரை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று 2017 டாடா ஏஸ், அதாவது குட்டியானை. ஆட்டோ கன்சல்டிங்கில், பழைய வண்டி விற்கும் கடையில் நிற்கிறது. 2,35,000 சொல்கிறார்கள். மீட்டரில் 62,000. புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது.

இன்னொன்று 2016 அசோக் லேலண்ட் தோஸ்த். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிய வண்டி. ஓனரிடமே நேரடியாகப் பேசினேன். 3,60,000 கேட்கிறார். 1,48,000 ஓடியிருக்கிறது. பார்க்க அழுக்கு வண்டி. ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் ஃபைனான்ஸ் கடன் பதிவு, இன்னும் கேன்சல் ஆகவில்லை, மூன்று ட்யூ (தவணை) பாக்கி என்கிறார்.

என் மச்சான் மாருதி ஈகோ வேன் எடு, வீட்டுக்கும் ஆகும் என்கிறான். பத்து வருஷமான டீசல் வண்டியை ஓடவிட மாட்டார்கள் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார். என்னிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, தொழில் வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

விருதுநகர் அலுமினியம்:

தம்பி, நான் அலுமினியம் ஜன்னல், கண்ணாடி வேலை. சில வருஷமாகவே சொந்த வண்டி, இப்போது இருப்பது இரண்டாவது. முதல் வண்டியில் பட்டதைச் சொல்கிறேன், உனக்கு அது வேண்டாம்.

விலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு டேப்பை எடு. உன் ஷீட் எட்டுக்கு நாலு. ஏஸ் தொட்டி, அதாவது சரக்கு ஏற்றும் பின்பக்கம், நீளம் ஏழு அடி சொச்சம்தான். ஷீட்டைப் படுக்கப் போட்டால் பின்கதவு மூடாது, ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டிய பக்கம் சிவப்புத் துணி கட்டிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பாடிக்கு வெளியே சரக்கு நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம். வாடகை வண்டியில் அது டிரைவர் கவலை. சொந்த வண்டியில் உன் கவலை. தோஸ்த் தொட்டி எட்டு அடிக்கு மேலே வரும்.

அடுத்தது எடை. 18 எம்.எம். ஷீட் ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. இருபது ஷீட் ஏற்றினால் அறுநூறு தாண்டிவிட்டது. ஏஸ் முக்கால் டன் வண்டி, சமதளத்தில் அழகாக இழுக்கும். ஆனால் நீ கொடைக்கானல் என்கிறாயே! பழைய ஏஸ் இன்ஜின் 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி. அறுநூறு கிலோவோடு மலை ஏறினால் ஃபர்ஸ்ட், செகண்டிலேயே முனகிக்கொண்டு போகும். உனக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். அந்த இன்ஜின் மோசம் என்று சொல்லவே மாட்டேன். 2005-ல் வந்த நாளிலிருந்து எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி. உன் ரூட்டுக்கு அது பற்றாது, அவ்வளவுதான். ஏஸ்தான் வேண்டும் என்றால் ஏஸ் மெகா தேடு, அது 40 குதிரைசக்தி. தோஸ்த் ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன்.

இனி என் கதை. 2019-ல் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 2014 ஏஸ் எடுத்தேன், 1,75,000. நான் போன நேரம் காலை பதினொரு மணி. வண்டியைத் துடைத்து, ஸ்டார்ட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு ரவுண்டு ஓட்டினேன், பஞ்சு மாதிரி இருந்தது. நாற்பதாவது நாள் சாத்தூர் தாண்டி ஹெட் கேஸ்கெட் போய் ரோட்டோரம் நின்றேன். பின்னால் கண்ணாடி, வெயில் உச்சியில். இன்ஜின் வேலை 48,000. சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். அதனால் விடிகாலை ஆறு மணிக்குப் போ. வருகிறேன் என்று முதல் நாளே சொல்லாதே. சீட்டைத் தூக்கி, இன்ஜினில் கை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சாவியைக் கேள்.

62,000 என்பதையும் யோசி. எட்டு வருஷத்தில் 62,000 என்றால் நாளுக்கு 21 கிலோமீட்டர். வாடகைக்கு ஓடும் குட்டியானை அதைக் காலை டீக்கு முன்னால் ஓடிவிடும். பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால் மீட்டரை நம்பாதே.

பத்து வருஷ டீசல் தடை டெல்லியையும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்தையும் சேர்ந்தது, நம் ஊருக்கு இல்லை. இங்கே எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், இருந்தால் ஓட்டலாம். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அதற்குப் பிறகு வருஷா வருஷம். அந்தச் செலவைக் கணக்கில் வை. மூன்று டன்னுக்கு உள்ளே என்பதால் பர்மிட் தேவையில்லை. பேட்ஜும் வேண்டாம். 7,500 கிலோ வரை கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரு விஷயம் கேட்டுக்கொள். பையன்களைத் தொட்டியில் சரக்கு மேல் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதே. ஆர்.சி.யில் எத்தனை சீட் போட்டிருக்கிறதோ அத்தனை பேர். மீதி ஆள் பைக்கில் வரட்டும். ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும், அந்தப் பையன் வீட்டுக்கு உன்னால் பதில் சொல்ல முடியாது.

கோவை சர்வீஸ் அக்கா:

நானும் என் வீட்டுக்காரரும் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் சர்வீஸ் செய்கிறோம். ஈகோ பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி, உங்கள் மச்சான் சொன்னதால்.

எங்களுக்கு ஈகோ ரொம்ப நல்ல வண்டி. மூடிய பாடி, மழை பயமில்லை. டூல்ஸை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மாடி ஏறலாம். சைடு கதவு இழுக்கும் மாடல் என்பதால் சந்தில் நிறுத்தியும் இறக்கலாம். ஆனால் முதலில் நாங்கள் வாங்கியது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் போர்டு, ஐந்து சீட் வண்டி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெஷின் ஏற்றினோம். எல்லோரும் செய்கிறார்களே என்ற தைரியம். 2021-ல் பல்லடம் ரோட்டில் ஒரு லாரி உரசி முன்பக்கம் நசுங்கியது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போது உள்ளே இரண்டு வாஷிங் மெஷின். சொந்த உபயோக வண்டியில் தொழில் சரக்கு என்று எழுதி கிளெய்மை மறுத்துவிட்டார்கள். 83,000 கடன் வாங்கி நாங்களே கட்டினோம். தப்பு எங்களுடையதுதான், ஆனாலும் அந்த வருஷம் முழுக்க அந்தக் கடன் இருந்தது.

பிறகு தொழில் வண்டிக்கான மஞ்சள் போர்டில், சரக்கு மாடலான ஈகோ கார்கோவாகவே எடுத்தோம். தொழிலுக்கு என்றால் மஞ்சள் போர்டாகவே பாருங்கள். ஆனால் உங்கள் எட்டடி ஷீட்டுக்கு ஈகோ சரிவராது. ஷீட்டை வெட்டி எடுத்துப் போகிற வேலை என்றால் வேறு.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்துவிடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும்.

ஸ்பேனர்:

மெக்கானிக் வேலை, 22 வருஷம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் கலந்த மாதிரி வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது, வண்டியை விட்டுவிடுங்கள். மூடி திறந்த நிலையில் இன்ஜின் ஓடும்போது புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன், ரிங், பிஸ்டன் வேலை வரும். சைலன்சரில் கரும்புகை கொஞ்சம் வந்து நின்றால் பயமில்லை. நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது.

சரக்கு வண்டிக்கு இன்ஜினைவிட சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், முக்கியம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் வெல்டிங் இருந்தால் அதிக லோடு ஏற்றி உடைந்த வண்டி. பழைய வண்டியின் அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தால் சாவியால் சுரண்டிப் பாருங்கள்.

டயரில் ஓரமாக நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் வெட்டு) தேயாமல் நன்றாக இருக்கிறது என்று பழைய டயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

திண்டுக்கல் தச்சன்:

அண்ணன், அக்கா எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடியே செய்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். வாட்ச்மேன் சாவியை எடுத்துக் கொடுத்தார். சீட்டைத் தூக்கிக் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது, அந்த நேரத்தில்! கேட்டால், தினமும் விடியும் முன்னே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ஆயில் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். உள்பக்கம் விரல் வைத்தேன், பழுப்பும் வெள்ளையுமாகப் பசை ஒட்டியது. அப்புறம் அடியில் படுத்துச் சாவியால் சுரண்டினார். இடது பக்கம் பின் ஸ்பிரிங் பக்கத்தில் கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் புது வெல்டிங். அங்கேயே முடிந்தது. அண்ணன் கதையைப் படிக்காமல் இருந்தால் போன வாரமே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

சனிக்கிழமை ஒட்டன்சத்திரம். ராத்திரி பெய்த மழையில் வண்டி சேறும் சகதியுமாக நின்றது. தொட்டி மூலையில் காய்ந்த முருங்கைக் கீரை. இன்ஜின் ஜில்லென்று இருந்தது. இரண்டாவது திருப்பில் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் கரும்புகை விட்டு அடங்கியது. டேப் வைத்தேன், எட்டு அடி இரண்டு அங்குலம். ஓனரும் கூட ஏறிக்கொள்ள வடகாடு மலை ரோட்டில் கொஞ்ச தூரம் ஏற்றிப் பார்த்தோம். இழுவை நன்றாக இருக்கிறது, ஆனால் கிளட்ச் ரொம்ப மேலே பிடிக்கிறது. முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னில் ஆட்டம். முன் டயர் 1422, பின் டயர் 0820. கிளட்ச், கிங்பின், பின் டயர் இரண்டும் சேர்த்து 28,000 ஆகும் என்றார் மெக்கானிக். அதை ஓனரிடம் எழுதியே காட்டினேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. 3,25,000-க்கு இறங்கி வந்திருக்கிறார்.

இப்போது ஹெச்.பி. விஷயம்தான் உறுத்துகிறது. முழுப் பணத்தையும் கொடுத்தால் அவரே ட்யூவை அடைத்து, ஃபைனான்ஸில் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. வாங்கித் தருகிறேன் என்கிறார்.

விருதுநகர் அலுமினியம்:

வேண்டாம் தம்பி. அவர் நல்லவராகவே இருக்கட்டும், பணம் அவர் கை வழியாகப் போக வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போங்கள். பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அதை நீயே அங்கே கட்டி, உன் கையில் ரசீது வாங்கு. மூன்று ட்யூ என்பார்கள், அபராத வட்டி தனியாக இருக்கும். என்.ஓ.சி.யும் ஹெச்.பி. கேன்சல் செய்ய ஃபைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடு. அன்றைக்கே பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-லும் ஓனரிடம் கையெழுத்து வாங்கிவிடு. வெறும் ஃபார்மில் வாங்காதே, நிரப்பிவிட்டு வாங்கு. முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற மனு போட வேண்டும், ஆனால் நீ அந்த வாரமே போடு.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு எஃப்.சி., இன்ஷூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது, செலான் பாக்கி உண்டா என்று பார். பழைய வண்டிக்கான பசுமை வரி கட்டியிருக்கிறாரா என்றும் கேள். வண்டியை எடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுது. அதற்கு முந்தின நிமிஷம் வரை அவர் பொறுப்பு, பிறகு உன் பொறுப்பு.

திண்டுக்கல் தச்சன்:

சரி அண்ணே. 10,000 மட்டும் அட்வான்ஸ் கொடுத்து, நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். செலான் இரண்டு இருந்தது, அவரே கட்டிவிட்டார். எஃப்.சி. இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. புதன்கிழமை ஃபைனான்ஸ் ஆபீஸ் போகிறோம். பையன்கள் இப்போதே தொட்டியை அளந்து வந்து, உள்ளே ஷீட் உரசாமல் இருக்க ரப்பர் மேட் எத்தனை அடி வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தார்ப்பாய் நேற்றே வாங்கிவிட்டேன்.