லூயிவில் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

மாலதி சித்தி: சனிக்கிழமை அத்தைய ஒஹையோ ஆத்து மேல இருக்கிற பிக் ஃபோர் நடைபாலத்துக்குக் கூட்டிட்டுப் போலாமா? வீல்சேர் ஏறுமா?

கார்த்தி: ஏறும் சித்தி

பெரியப்பா: தாராளமா. கீழ கப்பல் போகணும்னு பாலம் உசரம். அதான் லூயிவில் பக்கம் ரேம்ப் (சரிவுப் பாதை) சுத்திச் சுத்தி ஏறுது. வீல்சேர் சரிவுக்கு உச்ச வரம்பே 12 அடி நீளத்துக்கு 1 அடி உசரம்தான். பாலம் மட்டும் 2,525 அடி. ரெண்டு பக்க ரேம்ப்பும் சேர்த்தா ஒரு மைல் கிட்ட வரும், போக மட்டும்.

மாலதி சித்தி: தள்றது யாரு

மாமா: எனக்கு முதுகு வலி

நிவி: கேரம் ஆடும்போது வலிக்காதா மாமா 😂

பெரியப்பா: ரயில் பாலமா 1895ல முடிஞ்சது. தூண் போட அடி இல்லாத பெட்டியை ஆத்துல இறக்கி, உள்ள காத்தை அழுத்தி அடைப்பாங்க. அந்தக் காத்துதான் தண்ணிய வெளிய நிறுத்தும். 1890ல தண்ணி உள்ள புகுந்து 12 பேர் செத்துப் போயிட்டாங்க. 1893 டிசம்பர்ல பலத்த காத்துல கிரேன் நகர்ந்து, மாட்டிட்டிருந்த பாலத்தோட இரும்புச் சட்டம் விழுந்து 21 பேர். மத்த விபத்தையும் சேர்த்து மொத்தம் 37.

மாலதி சித்தி: அத்தைகிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்க

கார்த்தி: நாங்க சைக்கிள்ல வர்றோம்

பெரியப்பா: பாலத்துண்டுகள் சேர்ற இடத்து இரும்புத் தகட்டை நேரா கடக்கணும். சாய்வா ஏறினா, ஈரத்துல சக்கரம் வழுக்கும். இறங்குற வளைவுல முன் பிரேக்கை மட்டும் தனியா பிடிக்காத.

கார்த்தி: 👍

பெரியப்பா: இப்ப நிக்கிற இரும்பு 1929ல மாத்தினது. தூண் பழசுதான். பழைய பாலத்தையே சாரமா வச்சு புதுசை மாட்டினாங்க. ரயில் நின்னதும் 1969ல ரெண்டு கரை ஏறுபாதையையும் பிரிச்சு பழைய இரும்புக்குப் போட்டாச்சு. 40 வருஷத்துக்கு மேல அந்தரத்துல நின்னுது! நடக்க விட்டது 2013ல, எதிர்க்கரை ஜெஃபர்சன்வில் ரேம்ப் 2014ல.

நிவி: சாப்பாடு?

மாமா: புளியோதரை. போன தடவை தூக்கு யார் கார்ல போச்சுன்னு இன்னும் தெரியல

மாலதி சித்தி: அதை இப்ப கிளறாதீங்க. எந்தப் பக்கம் வண்டிய நிறுத்துறது?

கார்த்தி: ஜெஃபர்சன்வில்

பெரியப்பா: லூயிவில் பக்கம் வாட்டர்ஃபிரண்ட் பார்க். ஆனா ஆறு பெருகினா அந்த பார்க்கிங்ல தண்ணி வந்துடும். காலையில பார்த்துட்டுச் சொல்றேன்.

நிவி: மழைன்னா?

மாலதி சித்தி: ஞாயிறு

மாமா: ஞாயிறு எனக்கு முடியாது